நம்ம பசங்க ஆடினா போதை, அவங்க ஆடினா போட்டியா?

விளையாட்டில் சாதி இல்லேன்னு சொல்கிறவன் ஒன்று விளையாடாதவனாக இருக்க வேண்டும், இல்லேன்னா தன்னைத் தவிர யாரையும் விளையாட விடாதவனாக இருக்க வேண்டும்.

இப்போது ஒரு புது விளையாட்டு வந்திருக்கிறது. இ-ஸ்போர்ட்ஸ் என்கிறார்கள். செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் அணி சேர்ந்து மோதுகிற வீடியோ கேம்தான். 2022 டிசம்பரில் இந்திய அரசு இதை விளையாட்டு என்று ஏற்றுக்கொண்டது. 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசியப் போட்டியில் இதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டி தமிழ்நாட்டில் நடந்தபோது, பதக்கக் கணக்கில் சேராத காட்சி விளையாட்டாகச் சிலம்பத்தை வைத்தார்கள். 2025 மே மாதம் அதே போட்டி பீகாரில் நடந்தபோது அந்த இடத்தில் இ-ஸ்போர்ட்ஸ். பதினாறே மாசத்தில் கம்பு போய் கீபோர்டு வந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒன்றிய அரசு போட்ட சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து மாலை போட்டது.

சட்டம் மாலை போட்டால் பள்ளிக்கூடம் சும்மா இருக்குமா? பெருநகரங்களின் வசதியான தனியார் பள்ளிகளில் இதற்கென்று கிளப், பயிற்சியாளர், பேர் போட்ட பனியன் எல்லாம் வந்தாச்சு. ஏரியும் வயலுமாக இருந்த கூடுவாஞ்சேரி இன்றைக்கு நகராட்சி. ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் அடுக்குமாடி. காலையில் வரிசை கட்டி நிற்கிற தனியார் பள்ளி பஸ். இங்கே வர எத்தனை நாளாகும்? வரட்டும். நம் கேள்வி வேறு.

இதே ஆட்டத்தை நம்ம பசங்க ஆடலையா? ரயில்வே கேட் ஓரம், மேம்பாலத்தடி, காலனி முனை என்று நாலு பேர் குந்திக்கொண்டு, கண்ணாடி உடைந்த செல்போனில் ஃப்ரீ ஃபயர் ஆடுகிறார்களே, அதுவும் அணி ஆட்டம்தான். அதிலும் தலைவன் உண்டு, திட்டம் உண்டு, ஒருத்தன் விழுந்தால் இன்னொருத்தன் ஓடிப்போய் தூக்குவான். ஆனால் அதற்கு வைத்திருக்கிற பேர் என்ன? போதை. அடிமை. உருப்படாதது. வாத்தியார் போனைப் பிடுங்குகிறார். அப்பனைக் கூப்பிட்டு நிற்க வைக்கிறார்கள். அப்பன் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து தலை குனிந்து நிற்கிறான். அங்கே ஏ.சி. அறையில் அதே வயசுப் பையன் அதே மாதிரி சுட்டால் 'வியூகத் திறன்', 'தலைமைப் பண்பு'. அவனுக்குச் சான்றிதழ், இவனுக்கு டி.சி.யா? ஏன்யா, துப்பாக்கி ஒண்ணு, குண்டு ஒண்ணு, பிடிக்கிற கைதானே வேற?

2020இல் ஊரடங்கு வந்தபோது 'பள்ளிக்கூடம் இனி செல்போனில்தான்' என்று சொன்னது யார்? தவணைக்கு வாங்கினோம். வீட்டுக்கு ஒரு போன், அதற்கு மூன்று பிள்ளைகள். வாங்க வைத்தவர்களே இன்று அதைக் கையில் வைத்திருப்பதைக் குற்றம் என்கிறார்கள்.

அளவு மீறினால் கெடுதிதான், மறுக்கவில்லை. ரம்மி ஆடி அடகு வைத்துத் தூக்கில் தொங்கிய குடும்பங்களைப் பார்த்துத்தான் தமிழ்நாடு 2022இல் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. அது சரி. ஆனால் கெடுதி என்றால் இரண்டு பேருக்கும் கெடுதி, விளையாட்டு என்றால் இரண்டு பேருக்கும் விளையாட்டு. காசுக்கு ஏற்ப அகராதியை மாற்றாதே என்கிறோம்.

கிளப் என்கிற சொல்லே நமக்குப் புதுசில்லை. நூறு வருசத்துக்கு முந்தி அது ஜிம்கானா. தோல் வேலை செய்யும் சாதியில் பிறந்த பல்வாங்கர் பாலு, புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாசம் நாலு ரூபாய்க்கு மைதான வேலை பார்த்தார். துரைமார் மட்டையடித்துப் பழக மணிக்கணக்கில் பந்து போட்டார். அவர் கையில் ஒரு நாளும் மட்டையைக் கொடுக்கவில்லை. பிறகு இந்துக்கள் அணிக்கு அவர் பந்து தேவைப்பட்டது, சேர்த்துக்கொண்டார்கள். தேநீர் மட்டும் வெளியே, மண் குவளையில். 1911இல் இங்கிலாந்து போய் நூறுக்கு மேல் விக்கெட் எடுத்த மனுசனுக்குக் கடைசிவரை அணித் தலைமை கிடைக்கவில்லை. 1923இல் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது. திறமை இருந்தால் போதும் என்று நமக்குப் பாடம் எடுக்கிறவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லட்டும்.

இன்றைக்கு மண் குவளை வேறு வடிவத்தில் வருகிறது. கிளப்பில் ஆடுகிற வாலரண்ட் மாதிரியான ஆட்டத்துக்கு அணிக்கு ஐந்து பேர், ஐந்து கம்ப்யூட்டர். ஒன்று அறுபதாயிரம் என்று வைத்தாலும் மூன்று லட்சம் ரூபாய். அதுக்கு மேல தடங்கல் இல்லாத இன்டர்நெட். கண் இமைக்கிற நேரம் சிக்னல் தாமதித்தால் ஆள் காலி. 'தீண்டாதே' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை; விலைப்பட்டியலே வாசலில் நின்று சொல்லிவிடும். ஜப்பானில் 2018இல் உயர்நிலைப் பள்ளிகளுக்கான போட்டி தொடங்கியபோது, ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி கிளப் தொடங்கும் பள்ளிகளுக்கு மெஷின்களை இலவசமாக இரவல் கொடுத்தது. புண்ணியத்துக்கா? வியாபாரத்துக்குத்தான். ஆனால் மெஷின் இல்லாமல் கிளப் இல்லை என்கிற உண்மை அவனுக்காவது தெரிந்திருக்கிறது.

இந்தச் செங்கல்பட்டு ஜில்லாவில் உழைப்பு ஒருத்தருக்கு, உடைமை இன்னொருத்தருக்கு என்பது பழைய கதை. உழுகிறவனுக்கு நிலமில்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்று 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை எழுதினார். இன்றைக்குப் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பூட்டுகிற பெண்கள் யார்? நம்ம வீட்டுப் பிள்ளைகள். ஷிப்ட் முடிந்து கண் எரிய வருகிறவளின் தம்பிக்கு, அவள் பூட்டிய போன் எட்டாது. அன்றைக்கு நெல், இன்றைக்கு செல்.

'படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் இன்னாத்துக்கு?' என்று நம் பெரியவர்களே கேட்பார்கள். ஒரு கிளப் மெஷினைத் தொடப் பழக்குகிறது, குழுவாகப் பேசப் பழக்குகிறது, வெளியூர் கூட்டிப்போகிறது. இன்றைக்கு அங்கீகாரம், நாளைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் இடம் என்றால் அப்போது யார் பிள்ளை வரிசையில் நிற்கும்? பட்டியல் போட்ட பிறகு போய்க் கதவைத் தட்டுவதா? எல்லாரும் சாம்பியன் ஆவார்கள் என்று ஆசை காட்டவில்லை. ஆயிரத்தில் ஒருத்தன் ஆவதே கஷ்டம். மேலும், கபடிக்கு முதலாளி கிடையாது. இந்த ஆட்டத்துக்கு உண்டு. 2020இல் பப்ஜி, 2022இல் ஃப்ரீ ஃபயர் என்று ஒரு உத்தரவில் ஆட்டமே காணாமல் போனதைப் பார்த்தோம். அதனால் இதையே நம்பிப் பொழப்பை விடச் சொல்லவில்லை. மற்றவன் பிள்ளைக்குத் திறந்த கதவு நம் பிள்ளைக்கும் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்க வேண்டியதைக் கேட்போம்.

ஒன்று: 2019 முதல் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வைத்தார்கள். மாலை மணி அடித்ததும் ஏன் பூட்டு? ஆதிதிராவிடர் நலப் பள்ளி உட்பட எல்லா லேபும் பள்ளி விட்ட பிறகு இரண்டு மணி நேரம் திறந்திருக்கட்டும். பெரிய ஆட்டம் அதில் ஓடாது. சதுரங்கம் ஓடும், சின்ன ஆட்டங்கள் ஓடும், ஆட்டம் உருவாக்கக் கற்கலாம்.

இரண்டு: மாவட்டப் போட்டி எது நடந்தாலும் நுழைவுக் கட்டணம் கூடாது. சாதாரண செல்போனில் ஆடக்கூடிய பிரிவு கட்டாயம் வேண்டும். வீட்டில் போனையே தொட விடாத நம் பெண் பிள்ளைகளுக்குத் தனி அணி வேண்டும்.

மூன்று: அணிக்கோ பட்டப்பெயருக்கோ சாதி அடையாளம் கூடாது. செல்போன் ஆட்டத்திலேயே கில்டுக்குச் சாதிப்பேர் வைத்து மீசை முறுக்குகிற கூட்டம் உண்டு. 2023இல் நாங்குநேரியில் பள்ளிப் பிள்ளையின் வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் கையில் கட்டும் சாதிக் கயிற்றைத் தடை செய்யச் சொன்னது. கையில் அவிழ்த்த கயிற்றைத் திரையில் கட்ட விடக்கூடாது.

நான்கு: திரைக்கு முன்னால் தரை. பள்ளிக்கு மைதானம் கொடு. மைதானமும் இல்லை, லேபும் இல்லை என்றால் எங்கள் பிள்ளை ரயில்வே கேட் ஓரத்தில்தான் குந்துவான்.

மாமல்லபுரம் பூஞ்சேரியில் 2022இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. உலகமே வந்து ஆடியது, நமக்கும் பெருமைதான். அதே பூஞ்சேரியின் இருளர், நரிக்குறவர் குடும்பங்கள் வீட்டுமனைப் பட்டாவைக் கண்ணில் பார்த்தது 2021 நவம்பரில். உலகத்துக்கு ஆடுகளம் போடத் தெரிந்த அரசுக்குச் சேரிப் பிள்ளைக்கு ஒரு நாற்காலி போடத் தெரியாதா?

பந்து பொறுக்கிப் போட்டது போதும். எங்கள் பிள்ளைகளுக்கு உள்ளே இடம் போடு!