ஒலியில் உதிரும் இலை

கவிதையின் அசையையும் இயைபையும் எண்ணிப் பார்ப்பது அதன் உயிரைப் போக்கிவிடும் என்பர் சிலர். பிரெஞ்சுக் கவிஞர் பால் வெர்லேன் (1844–1896) இயற்றிய ‘இலையுதிர்காலப் பாடல்’ அக்கூற்றை மறுக்கிறது. 1866ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய முதல் தொகுப்பில் இடம்பெற்ற இப்பாடலின் பொருள் எளியது: வயலினின் ஒலி, கடந்த நாள்களின் நினைவு, கண்ணீர், காற்றில் அலையும் சருகு. இவை பலரும் பாடியவையே. எனினும் இப்பாடல் நிலைபெற்றதற்குக் காரணம் அதன் ஒலியமைப்பே எனலாம்.

பிரெஞ்சு யாப்பில் நேர், நிரை என்னும் பாகுபாடு இல்லை. அடியிலுள்ள உயிரொலிகளின் எண்ணிக்கையே அசைக்கணக்காகும். பன்னிரண்டு அசை பெற்று, ஆறாம் அசையின்பின் நிறுத்தம் கொள்ளும் ‘அலெக்சாந்திரேன்’ அம்மொழியில் பெருமை வாய்ந்த அடி. வெர்லேனோ இங்கு நான்கு, நான்கு, மூன்று என அடிகளைச் சுருக்குகிறார். ஆறடி கொண்ட மூன்று பத்திகளிலும் அமைந்த அசைகள் 66 மட்டுமே. ஐந்தரை அலெக்சாந்திரேன் அடிகளில் முழுப்பாடலும் அடங்கிவிடும். ஒவ்வொரு மூன்றாம் அடியும் ஓரசை குறைந்து நிற்பதால், விம்முபவரின் மூச்சுப்போல ஓசை இடையில் அறுகிறது.

இயைபும் இவ்வுணர்வுக்குத் துணைசெய்கிறது. முதல் இரண்டு அடிகளும், நான்காம் ஐந்தாம் அடிகளும் உடனுக்குடன் இயைகின்றன. மூன்றாம் அடிக்குரிய இயைபோ ஆறாம் அடியில்தான் கிடைக்கிறது; அதுவரை செவி காத்திருக்கிறது.

முதற்பத்தியில் ஒகர ஒலிகளும் மூக்கின்வழி எழும் உயிரொலிகளும் மிகுதி. எனவே அவ்வொலிகளே துயரத்தைத் தருகின்றன என்று முடிவுசெய்தல் பிழையாகும். ‘நல்ல’ எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலும் அதே மூக்கொலி உண்டு. அதில் துயரம் இல்லை. விம்மல், வயலின் ஆகிய பொருள்களோடு சேரும்பொழுதே ஒலி துயரம் பெறுகிறது. பொருளை விட்ட ஒலியாய்வு வெறும் கணக்கு. ஒலியை விட்ட பொருளுரை வெறும் சுருக்கம்.

இறுதிப் பத்தி இதற்குத் தக்க சான்று. பிரெஞ்சு மொழியில் பெயர்ச்சொல்லை ஒட்டியே வரும் ‘லா’ என்னும் சிறுசொல் இங்கு அடியின் ஈற்றில் தனித்து நின்று இயைபைத் தாங்குகிறது. அதற்குரிய ‘இலை’ என்னும் சொல் அடுத்த அடியில் விழுகிறது. கிளையை விட்டு இலை பிரிவதை யாப்பே நிகழ்த்திக் காட்டுகிறது. அசையையும் அடியையும் எண்ணிப் பார்ப்பவருக்கே இந்நுட்பம் புலப்படும். ஆதலின் யாப்பாய்வு சுவைக்குப் பகையன்று. சுவைக்குச் செல்லும் வழியே ஆகும்.