பொன் மேகங்களுக்குக் கீழே யார்?

2023 ஆகஸ்ட் 31 அன்று டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் செய்பு பேரங்காடியின் கதவுகள் நாள் முழுவதும் திறக்கவில்லை. நிறுவனத்தை ஓர் அமெரிக்க முதலீட்டு நிதியத்துக்கு விற்க உரிமையாளர்கள் முடிவெடுத்திருந்தனர். அந்தப் பேரத்தில் தங்கள் வேலைக்கு என்ன உத்தரவாதம் என்று கேட்ட ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஜப்பானியப் பேரங்காடித் துறை அப்படியொரு நாளைப் பார்த்து 61 ஆண்டுகள் ஆகியிருந்தன. மறுநாளே விற்பனை முடிந்துவிட்டது.

ஜப்பானியப் பேரங்காடி என்றதும் அந்நாட்டுக் கலை ரசிகர்களின் நினைவுக்கு வருவது வேறொரு காட்சி. 1969இல் பிறந்த யமாகுச்சி அகிரா என்ற ஓவியர் 2004இல் தீட்டிய நிஹோம்பாஷி மித்சுகோஷி அங்காடியின் படம் அது. புதிய கட்டடத்தின் திறப்பையொட்டி விளம்பரத்துக்காக வரையப்பட்டது. உயரத்திலிருந்து சாய்வாகப் பார்க்கும் கோணத்தில் கட்டடம் திறந்து கிடக்கிறது. குடுமி வைத்த எடோ காலத்து வணிகரும் கோட்டு அணிந்த இன்றைய அலுவலரும் ஒரே தளத்தில் நடமாடுகிறார்கள். கிமோனோ அணிந்தவர்களும் நவீன உடை அணிந்தவர்களும் தோளுரசிக்கொள்கிறார்கள். ஓடு வேய்ந்த பழைய கூரைகளும் இன்றைய கட்டடமும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் மேற்கத்திய எண்ணெய் வண்ண ஓவியம் பயின்றவர் யமாகுச்சி. பின்னர் யமாதோ ஓவியம் எனப்படும் பழைய ஜப்பானிய மரபை நோக்கித் திரும்பினார். அந்த மரபில் இரண்டு உத்திகள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, வீட்டின் கூரையை நீக்கிவிட்டு உள்ளே நடப்பதைக் காட்டுவது. மற்றொன்று, படத்தின் குறுக்கே மேகக் கூட்டங்களைப் பரப்பி, காட்ட வேண்டாதவற்றை மறைத்துவிடுவது. முதலாவது உத்தி திறக்கிறது, இரண்டாவது மூடுகிறது. ஒரு நகரத்தை வரையும்போது எதன் மேல் மேகம் படிகிறது என்பது அழகியல் கேள்வி மட்டுமல்ல, அரசியல் கேள்வியும்கூட.

இம்மரபின் உச்சம் கியோத்தோ நகரைக் காட்டும் மடிப்புத் திரை ஓவியங்கள். கானோ எய்தோகு தீட்டிய திரையில் ஏறத்தாழ 2,500 மனிதர்கள் இருக்கிறார்கள். அதை 1574இல் ஓதா நொபுனாகா என்ற போர்த்தலைவன் உயெசுகி கென்ஷின் என்ற மற்றொரு தலைவனுக்குப் பரிசாக அனுப்பினான். தலைநகரின் படத்தைப் பரிசளிப்பவன் தலைநகர் யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புகிறான். 1615ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவாசா மதாபெயி வரைந்ததாகக் கருதப்படும் மற்றொரு திரையின் ஒரு முனையில் தொயோதோமி குடும்பம் எழுப்பிய பெரும் புத்தர் கோயில் நிற்கிறது. மறு முனையில் தோகுகாவா குடும்பத்தின் நிஜோ கோட்டை நிற்கிறது. அதிகாரத்துக்காக மோதிக்கொண்ட இரண்டு குடும்பங்களுக்கும் இடையே தெருவெங்கும் எளிய மக்கள் ஆடுகிறார்கள், விற்கிறார்கள், சுமக்கிறார்கள். பிரபுவின் பணத்தில் வரைந்தாலும் மக்களை விட்டுவிட்டு நகரத்தை வரைய முடியவில்லை. இந்த ஓவியங்களில் நாயகன் இல்லை என்பதை இடதுசாரி வாசகர்கள் கவனிக்க வேண்டும். அரண்மனைக்குள் இருப்பவனும் மீன் விற்பவனும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறார்கள்.

யமாகுச்சி எடுத்துக்கொண்டிருப்பது இந்தச் சொத்தைத்தான். அவரது கைத்திறன் அசாதாரணமானது. சன்னமான பேனாக் கோடுகளில் அவர் கூட்டத்தை வரையும்போது ஒருவரைப் போல் மற்றொருவர் இருப்பதில்லை. அந்த நகைச்சுவையும் மனிதர்கள் மீது அன்புள்ளவரின் நகைச்சுவை. நவீன நகரம் என்றாலே தனிமையும் கண்ணாடிச் சுவரும்தான் என்று காட்டிச் சலிப்பூட்டும் கலையிலிருந்து அவர் விலகி நிற்கிறார். பழைய மரபைக் கையாளுவதால் மட்டுமே அவரைப் பழமைவாதி என்று ஒதுக்குவது தவறு.

ஆனால் அவர் வரைந்த இடங்களை வரிசையாகப் பார்த்தால் உறுத்தல் தொடங்குகிறது: மித்சுகோஷி, நரிதா விமான நிலையம், ரொப்பொங்கி. ரொப்பொங்கி ஹில்ஸ் எனும் வளாகம் எழுந்துகொண்டிருந்த 2002இல் அப்பகுதியை அவர் வரைந்தார். அந்தப் படம் இன்று அதே வளாகத்தின் உச்சியிலுள்ள மோரி கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அந்த நிலத்தில் சுமார் 400 உரிமையாளர்களைச் சம்மதிக்க வைத்துக் கட்டி முடிக்க மோரி கட்டுமான நிறுவனத்துக்கு 17 ஆண்டுகள் பிடித்தன. நரிதாவின் கதையோ இரத்தம் சிந்தியது. 1966இல் விவசாயிகளைக் கேட்காமலேயே அரசு இடத்தை அறிவித்தது. அந்த மண்ணில் விவசாயிகளும் மாணவர்களும் காவல்துறையுடன் ஆண்டுக்கணக்கில் மோதினார்கள், இருதரப்பிலும் உயிர்கள் போயின. 1978இல் விமான நிலையம் திறந்தபோது ஓர் ஓடுபாதைதான் இருந்தது. இந்த வரலாற்றுக்கு மேலேதான் பொன் மேகம் படிகிறது.

இதற்கு ஓவியரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. மரபு எந்த நாளிலும் களங்கமற்றதாக இருந்ததில்லை. ‘ஜப்பானிய ஓவியம்’ என்ற தனி வகையே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தேசத்தைக் கட்டும் முயற்சியில் வடிவம் பெற்றது. அதன் சிந்தனையாளர் ஒகாகுரா 1902இல் கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தோடு பழகினார். மறு ஆண்டு அவருடைய சீடர்கள் யோகோயாமா தைக்கானும் ஹிஷிதா ஷுன்சோவும் அங்கு வந்தனர். அபனீந்திரநாத் தாகூரின் பனிமூட்டம் போன்ற நீர்வண்ண முறை அவர்களிடமிருந்து கற்றது. அதே தைக்கான் 1940இல் கடலையும் மலையையும் 20 படங்களாக வரைந்து, விற்ற பணத்தை இராணுவத்துக்குப் போர் விமானங்கள் வாங்கக் கொடுத்தார். வங்கத்தில் 1943 பஞ்சம் வந்தபோது அந்தப் பனிமூட்டம் உதவவில்லை. சித்தபிரசாத்தும் ஜைனுல் ஆபிதீனும் கறுப்பு மையின் கடினமான கோடுகளையே நாடினார்கள்.

இன்றைய டோக்கியோவில் அந்தக் கடினமான கோட்டுக்கு வேலை இல்லாமல் போகவில்லை. அதிக உழைப்பால் நேரும் சாவுக்கு ‘கரோஷி’ என்று தனிச்சொல்லே உண்டு. அதைத் தடுக்க 2014இல் சட்டம் வந்தது. 2018இல் மிகைநேர வேலைக்கு வரம்பு கட்டினார்கள். வேலைப்பளு மிகுந்த மாதத்தில் 100 மணிக்குள் இருந்தால் போதுமாம்! ஒலிம்பிக்குக்காகப் புதிய தேசிய விளையாட்டரங்கைக் கட்டும் பணியில் இருந்த 23 வயது இளைஞர் ஒருவர், ஒரே மாதத்தில் 190 மணி நேரத்துக்கும் மேல் மிகையாக உழைத்துவிட்டு 2017இல் தற்கொலை செய்துகொண்டார். அதே அரங்குக்காகக் கசுமிகாஓகா அரசுக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. வெளியேற்றப்பட்டவர்களில் 1964 ஒலிம்பிக்குக்காக ஏற்கெனவே ஒருமுறை வீடிழந்த முதியவர்களும் இருந்தார்கள்.

யமாகுச்சியின் தலைமுறையைச் சேர்ந்த அய்தா மகோதோ இந்தத் திசையில் ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறார். 2009க்கும் 2011க்கும் இடையே அவர் தீட்டிய ‘சாம்பல் நிற மலைகள்’ 7 மீட்டர் அகலமானது. தூரத்திலிருந்து பார்த்தால் பழைய மை ஓவியங்களில் வரும் மூடுபனி மலைகள். அருகே போனால் அந்த மலைகள் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த அலுவலக ஊழியர்களின் பிணக்குவியல்கள், இடையிடையே நாற்காலிகளும் கணினிகளும். மேகத்தை விலக்கிய படம் இது. எனினும் அய்தாவை முற்போக்காளர் என்று கொண்டாடுவதில் அவசரம் வேண்டாம். பெண்ணுடலை அவர் சித்தரிக்கும் விதம் 2012இல் மோரி அருங்காட்சியகத்தில் தொடங்கிய கண்காட்சியின்போது நியாயமான எதிர்ப்பைச் சந்தித்தது. மேலும் அவரது ஊழியர்கள் செத்துக் கிடக்கிறார்கள், எழுந்து நிற்பதில்லை.

எழுந்து நின்ற ஊழியர்கள் மித்சுகோஷியிலேயே இருந்தார்கள். 1673இல் துணிக்கடையாகத் தொடங்கிய அந்த அங்காடியில் 1951 டிசம்பரில் தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. எடோ காலத்தையும் இன்றையும் ஒரே கட்டடத்தில் அடுக்கும் யமாகுச்சியின் முறையில் அந்த டிசம்பருக்கும் ஒரு தளம் ஒதுக்க முடியும். கூரை நீக்கும் உத்தியே அதற்குப் போதும். அதை வரையச் சொல்லிப் பணம் கொடுப்பவர்தான் இதுவரை வரவில்லை. இகெபுகுரோவில் அங்காடி மூடிக்கிடந்த அன்று ஊழியர்கள் சுற்றுத்தெருக்களில் பேரணி சென்றார்கள். போட்டி அங்காடிகளின் தொழிற்சங்கத்தினரும் அவர்களோடு சேர்ந்து நடந்தார்கள்.