டாக்டர் பட்டமும் தொட்டில் குழந்தையும்

சென்ற இதழில் பிள்ளை பெற்றவளுக்கான பத்தியச் சமையல் எழுதியிருந்தேன் அல்லவா? "யாருக்கம்மா உங்கள் வீட்டில் பிரசவம்?" என்று சகோதரிகள் சிலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். என் நாத்தனாருக்குத்தான். இவருடைய கடைசித் தங்கை. மாமனார், மாமியார் இருவருமே காலமாகிவிட்டதால் அவளுக்குப் பிறந்த வீடு என்றால் எங்கள் வீடுதான். 2025 ஏப்ரலில் பெண் குழந்தை. சுகப் பிரசவம்.

குழந்தைக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. பூண்டுக் குழம்பு விட்டுப் பிசைந்த சாதத்தைக் கொண்டுபோய் வைத்தால் தட்டு அப்படியே இருக்கிறது. முகமெல்லாம் வீங்கியிருக்கிறது. பால் கட்டிக்கொண்டு வலிக்கிறதோ என்று பயந்துபோய்க் கேட்டேன். "அதெல்லாம் இல்லை அண்ணி. படிப்பை விட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள்.

அவள் தாவரவியல் எம்.எஸ்ஸி. 2019 ஜூலையில் கோவைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி.க்குச் சேர்ந்தாள். மலையில் முளைக்கும் மூலிகைகளைப் பற்றி ஆராய்ச்சி. ஒரு வருஷம் முடிவதற்குள் கொரோனா வந்து ஆய்வுக்கூடத்தையே பூட்டிவிட்டார்கள். அப்புறம் கல்யாணம், ஓசூரில் குடித்தனம். பஸ்ஸிலும் ரயிலிலும் அலைந்து பாதி வேலையை முடித்த சமயத்தில் குழந்தை உண்டாகிவிட்டது. இப்போது அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டால், "ஜூலையோடு ஆறு வருஷம் முடிகிறது. அதற்குள் தீசிஸ் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும்" என்று சொல்லி வைத்துவிட்டார்களாம். அவள் புகுந்த வீட்டிலும், "குழந்தையைப் பார், பட்டம் எங்கே ஓடிப்போகிறது?" என்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் பட்டம் ஓடித்தானே போகிறது!

நான் ப்ளஸ் டூவோடு நின்றவள். ஆராய்ச்சி பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் கெடு தேதி என்றால் என்னவென்று தெரியும். காலேஜுக்கு விண்ணப்பப் படிவம் வாங்கி வைத்துவிட்டு, வீட்டில் ஒரு கல்யாணம் என்று ஊருக்குப் போனோம். திரும்பி வந்தபோது தேதி போய்விட்டிருந்தது. அபராதம் கட்டி இன்னும் பத்து நாளைக்குள் கொடுத்திருக்கலாம் என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அப்பா யாரையும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதனால், "போனில் யாரோ சொன்னது இருக்கட்டும், விதிப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்டேன். அவள் திருதிருவென்று விழித்தாள். ஆறு வருஷமாகப் படிக்கிறாள், விதியை முழுக்கப் படித்ததில்லை! என் பையன் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளை எடுத்து அச்சடித்துக் கொண்டுவந்தான். ராத்திரி குழந்தை தூங்கின பிறகு, அவள் இங்கிலீஷில் வாசிக்க, நான் "அப்படின்னா என்ன?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்க, இரண்டு ராத்திரி ஆயிற்று.

விதிகள் இரண்டு. 2016ல் வந்தது ஒன்று, 2022 நவம்பரில் வந்தது ஒன்று. புதிது வருவதற்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழையதுதான் என்பதால், இவளுக்கு 2016. பி.ஏ., பி.எஸ்ஸி. மாதிரி சேர்ந்தோம், பரீட்சை எழுதினோம் என்பதில்லை இந்தப் படிப்பு. முதலில் பாட வகுப்புகள் உண்டு. அதில் 55 சதவிகிதம் வாங்கினால்தான் ஆராய்ச்சியைத் தொடரலாம், தீசிஸ் கொடுக்கலாம். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆலோசனைக் குழு. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அவர்கள் முன்னால் நின்று, இதுவரை என்ன செய்தேன் என்று சொல்லி, எழுத்திலும் கொடுக்க வேண்டும். கடைசியில் தீசிஸை வெளியிலிருந்து இரண்டு பேராவது படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டால், வாய்மொழித் தேர்வு. குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு.

இந்த ஆறைத்தான் போனில் சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் கீழேயே, அடுத்த வரியிலேயே, பெண்களுக்கு மேற்கொண்டு இரண்டு வருஷம் தளர்வு கொடுக்கலாம் என்று இருக்கிறது! உடல் ஊனம் 40 சதவிகிதத்துக்கு மேல் உள்ளவர்களுக்கும் அப்படியே. அது தவிர, பிரசவத்துக்கோ குழந்தை வளர்ப்புக்கோ படிப்புக் காலம் முழுவதிலும் ஒரு தடவை 240 நாள் வரை விடுப்பு. 2022 விதியிலும் இந்த இரண்டும் இருக்கின்றன. அதில் மறுபதிவு என்று இன்னொரு இரண்டு வருஷம் வைத்து, பெண்களுக்கு எல்லாம் சேர்த்துப் பத்து வருஷத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். கல்யாணமாகியோ வேறு காரணத்தாலோ வெளியூர் போகிற பெண், அதுவரை சேர்த்த ஆராய்ச்சிக் குறிப்புகளையெல்லாம் புது ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொண்டு போகலாமாம். பழைய இடம் பணம் வாங்கி நடத்துகிற திட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது, பழைய கைடுக்கு உரிய பெயரைக் கொடுக்க வேண்டும், இப்படிச் சில நிபந்தனைகள். நாத்தனார் கைடை மாற்ற விரும்பவில்லை. அந்த அம்மாள் தங்கமானவராம்.

ஆனால் ஒரு சொல்லை என் நாத்தனார் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினாள். "கொடுக்கலாம்" என்றுதான் இருக்கிறதே தவிர "கொடுத்தே ஆக வேண்டும்" என்று இல்லை. ஆக, நாம் கேட்க வேண்டும். அதுவும் கெடு முடிவதற்குள். மறுநாளே கைடுக்கு விவரம் சொல்லி, அவர் மூலமாகவே விண்ணப்பம் எழுதினாள். சேர்ந்த தேதி, பாட வகுப்பில் தேறின விவரம், குழு முன்னால் நின்ற தேதிகள், எத்தனை அத்தியாயம் முடிந்தது, மீதியை எப்போது முடிப்பேன் என்கிற கணக்கு, எல்லாம் ஒரே பக்கத்தில். ஆஸ்பத்திரிச் சீட்டு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், கட்டணம் கட்டின ரசீதுகள், விதியின் அந்தப் பக்கம், இவற்றின் ஜெராக்ஸ் இணைப்பு. விடுப்புக்கு ஒரு விண்ணப்பம், தளர்வுக்கு ஒன்று எனத் தனித்தனியாக. இவர் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வந்தார். "அதெல்லாம் எதுக்கம்மா, கொடுத்தா போதும்" என்று அங்கே யாரோ சொன்னார்களாம். இவர் விடவில்லை. என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவராயிற்றே!

கட்டண ரசீதைப் பற்றி ஒரு வார்த்தை. அவளோடு சேர்ந்த பெண் ஒருத்தி, கல்யாணமாகிப் போனவள், போகாத வருஷத்துக்கு எதற்குப் பணம் என்று கட்டாமல் விட்டாளாம். அங்கிருந்து கடிதம் பழைய விலாசத்துக்குப் போயிருக்கிறது. விஷயம் அவளுக்குத் தெரிவதற்குள் பெயரை எடுத்துவிட்டார்கள். அதனால், உங்கள் வீட்டில் பெண்ணோ மருமகளோ இப்படிப் படிப்பைப் பாதியில் வைத்துவிட்டு வந்திருந்தால், முதலில் பணம் பாக்கி இருக்கிறதா, விலாசம் மாற்றியாயிற்றா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சொந்த விதிகளும் உண்டு. அதையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

தாவரவியல் என்றதும் ஜானகி அம்மாள் ஞாபகம் வருகிறது. 1931லேயே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். பிறகு கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவர் படத்தை நாத்தனார் மேஜையில் வைத்திருக்கிறாள். "அவங்களுக்குத் தொட்டில் ஆட்டற வேலை இல்லை அண்ணி" என்பாள், அலுத்துப்போகிற நாட்களில்.

ஜூலை பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் உத்தரவு வந்தது. விடுப்பும் உண்டு, 2027 ஜூலை வரை தளர்வும் உண்டு. கடிதத்தைப் படித்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "அண்ணி, பூண்டுக் குழம்பு மிச்சம் இருக்கா?"

அப்போதிலிருந்து காலை பத்து முதல் பன்னிரண்டு வரை குழந்தை என் பொறுப்பு என்று பேசிக்கொண்டோம். பால் கொடுத்துவிட்டு அவள் எழுத உட்காருவாள். ஓசூர் திரும்பின பிறகு அந்த இரண்டு மணி நேரத்தை மாமியார் ஏற்றுக்கொண்டிருக்கிறார். முதலில் முணுமுணுத்தவர்தான். இப்போது, "அவ எழுதிட்டிருக்கா, அப்புறம் பண்ணுங்க" என்று எனக்கே போனை வைத்துவிடுகிறார்.