தெளிப்பான் வந்தால் மட்டும் போதுமா?



நம்ம ஊர் பெயரிலேயே குளம் இருக்கிறது. ஆனாலும் கோடை வந்தால் தண்ணீர்ப் பேச்சுதான். அதனால் தெளிப்பு நீர்ப் பாசனம் நம் ஊருக்கு வர வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அது மட்டும் போதாது என்பதும் என் கருத்து.

முதலில் அது என்ன என்று பார்ப்போம். மோட்டார் தண்ணீரைக் குழாயில் அழுத்தத்தோடு தள்ளும். குழாயின் மேல் நிற்கும் தெளிப்பான் சுற்றிச் சுற்றி மழை மாதிரி தூவும். இன்று வயல்களில் டிக் டிக் என்று தட்டித் தட்டிச் சுற்றுகிறதே, அந்த வகையை 1933-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்டன் எங்கிள்ஹார்ட் என்ற விவசாயி கண்டுபிடித்தார்.

வாய்க்காலில் விட்டுப் பாய்ச்சினால் நிறையத் தண்ணீரை வாய்க்காலே குடித்துவிடும். மணற்பாங்கான நிலமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மடைப் பக்கம் தேங்கி நிற்கும், கடைசிப் பாத்தி காயும். தெளிப்பானில் எல்லா இடமும் ஒரே மாதிரி நனையும். வேர்க்கடலைக்கு இது ரொம்பப் பொருத்தம். பூ பூத்து, விழுது மண்ணுக்குள் இறங்குகிற சமயத்தில் மண் ஈரமாகவும் பொலபொலவென்றும் இருக்க வேண்டும். வேர்க்கடலைக்குச் சுமார் 20 சதவீதம் தண்ணீர் மிச்சமாகும், விளைச்சல் 40 சதவீதம் வரை கூடும் என்று வேளாண் பல்கலைக்கழகப் பட்டியல் சொல்கிறது.

"நெல்லுக்கு ஆகாதே?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். உண்மைதான். தண்ணீர் கட்டி நடுகிற நெல்லுக்கு இது சரிவராது. கடலை, உளுந்து, காய்கறிக்குப் போடலாம். காற்று பலமாக அடிக்கும்போதும் உச்சி வெயிலிலும் போடக் கூடாது. தூவுகிற தண்ணீர் காற்றோடு போய்விடும். காலையும் மாலையும் நல்ல நேரம். "செலவு?" என்றால், சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு 100 சதவீத மானியம் தருகிறது, மற்றவர்களுக்கு 75 சதவீதம்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். மிச்சமான தண்ணீர் எங்கே போகிறது?

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் மானியம் கொடுத்துச் சிக்கனமான தெளிப்பான்கள் வைத்தார்கள். நிலத்தடி நீர் எடுப்பது குறைந்ததா? இல்லை, கூடிவிட்டது என்று 2014-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. மிச்சமான தண்ணீரை வைத்துக் கூடுதல் நிலத்துக்குப் பாய்ச்சினார்கள், அதிகத் தண்ணீர் கேட்கிற பயிர்களுக்கு மாறினார்கள். இங்கேயும் அது நடக்காது என்று சொல்ல முடியுமா? நமக்கு விவசாய மின்சாரம் இலவசம். மோட்டாரைப் போட்டுட்டுப் போய்ப் படுத்தாலும் பில் வராது. மிச்சமான தண்ணீரில் இன்னும் ஒரு ஏக்கர் கரும்பு வைக்கலாமே என்று தோன்றும். கிணறு அவரவர் கிணறுதான். கீழே இருக்கிற ஊற்று எல்லாருக்கும் ஒன்று. நான் சேமித்ததைப் பக்கத்து போர்வெல் இழுத்துக்கொண்டால் என் சேமிப்புக்கு என்ன அர்த்தம்?

ஆகவே இது தனி ஆள் வேலை இல்லை, ஊர் வேலை. நம் மாவட்டத்து உத்திரமேரூரில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளில் 'ஏரி வாரியம்' இருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே குடவோலை போட்டு ஆள் எடுத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் முடிந்தது இப்போது முடியாதா?

நம் நடவாவிக் கிணற்றையே பாருங்கள். சித்ரா பௌர்ணமிக்குப் பெருமாள் உள்ளே இறங்குவதற்காகத் தண்ணீரை இறைக்கிறார்கள். பிறகு அது மறுபடி ஊறுகிறது. ஏன்? பூமிக்குள் தண்ணீர் இருப்பதால். அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் உண்டாக்காது. மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கிற ஏரிதான் உண்டாக்கும். தெளிப்பான் செலவைக் குறைக்கும், ஏரிதான் வரவு.

எனவே நண்பர்களே, வீட்டில் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். கடலைக்குத் தெளிப்பான் போட மனு கொடுத்தாச்சா? மிச்சமாகும் தண்ணீரைக் கிணற்றிலேயே விடப்போகிறோமா? ஏரிக்கு வரும் கால்வாய் அடைப்பில்லாமல் இருக்கிறதா என்று கிராம சபையில் யாராவது கேட்டார்களா?

கேட்டால் திட்டு விழலாம். பரவாயில்லை, கேளுங்கள். நாளைக்கு அந்தக் கிணற்றில் வாளி விடப்போவது நாம்தான்.