உள்நுழைவு மறுக்கப்படின் செய்யத்தக்கது யாது?

அறிக்கை தயாரிக்கும் மென்பொருளைக் கையாளுவோருள் "உள்நுழைவு தோல்வியுற்றது" என்னும் அறிவிப்பை ஒரு நாளேனும் காணாதார் அரியர். நேற்றுவரை ஒழுங்காய் வந்த தேர்வுப் பட்டியல் இன்று வாராது, மேலதிகாரியோ விரைவுபடுத்துவார். அவ்வேளையில் பலர் கைக்கொள்ளும் வழி ஒன்றுண்டு. எஸ்.க்யூ.எல். ஸர்வரின் தலைமைக் கணக்காகிய எஸ்.ஏ.வின் கடவுச்சொல்லை வாங்கி அறிக்கையில் இட்டுப் பார்ப்பர். அறிக்கை வந்துவிடின் யாவரும் மகிழ்வர். இவ்வழக்கம் தவறுடைத்து என்பதே எம் கருத்து.

முதலாவது, இது நோயறியாமல் மருந்திடுவதாகும். தோல்வி என்னும் ஒரு சொல்லில் இருவேறு செய்திகள் அடங்கும். ஒன்று, வாயிலையே அடையாமை. மற்றொன்று, வாயிலை அடைந்தும் காவலனால் மறுக்கப்படுதல். கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் என்னும் மென்பொருள் இவ்விரண்டையும் பல வேளைகளில் ஒரே தலைப்பில் அறிவிக்கின்றது. சான்றாக, 64 பிட் விண்டோஸில் ஓ.டி.பி.ஸி. இணைப்புகளைப் பதியும் கருவிகள் இரண்டு உள. 64 பிட்டுக்குரியது ஸிஸ்டம்32 என்னும் கோப்புறையிலும், 32 பிட்டுக்குரியது ஸிஸ்வாவ்64 என்னும் கோப்புறையிலும் இருத்தல் புதியோரை மயக்கும். கணிப்பொறி முழுமைக்குமென ஒன்றில் பதிந்த இணைப்பு, மற்றதனைச் சார்ந்த மென்பொருளின் கண்ணிற்படாது. அறிக்கையை வரைந்த மென்பொருள் 32 பிட்டாகவும், வெளியிடும் சேவை 64 பிட்டாகவும் இருப்பின், கடவுச்சொல் சரியாயிருந்தும் தோல்வியே விளையும். வாயிலே காணப்படாதவிடத்து எஸ்.ஏ.வின் திறவுகோலால் என்ன பயன்?

இரண்டாவது, காவலன் மறுக்கும்போது காரணத்தை எழுதியே வைக்கின்றான். நாமே அதனைப் படிப்பதில்லை. ஸர்வர் தரும் 18456 என்னும் பிழை, நுழைய வந்தவனுக்கு நிலை எண் 1 என்று மட்டுமே காட்டும். பெயர் பிழையோ, கடவுச்சொல் பிழையோ என்பதை அந்நியன் அறியாதிருத்தற்பொருட்டு வேண்டுமென்றே செய்த மறைப்பு இது. ஸர்வரின் பிழைக் குறிப்பேட்டிலோ மெய்யான எண் பதிவாகும். 5 எனின், அப்பெயரில் கணக்கில்லை. 8 எனின், கடவுச்சொல் பொருந்தவில்லை. 38 எனின், கேட்ட தரவுத்தளம் கிட்டவில்லை. 58 எனின், விண்டோஸ் அடையாளத்தை மட்டுமே ஏற்கும் ஸர்வரிடம் வேறுவகைக் கணக்கைக் காட்டினர். ஒரு வரியைப் படித்தால் அரைநாள் அலைச்சல் ஒழியும்.

மூன்றாவதே பெருங்கேடு. அறிக்கைக்கு வேண்டுவது படிக்கும் உரிமை மட்டுமே. எஸ்.ஏ.வோ திருத்தவும், அழிக்கவும், பிறர்க்கு உரிமை வழங்கவும் வல்லது. மதிப்பெண்ணைப் பார்க்க வந்தவன் கையில் அதனைத் திருத்தும் எழுதுகோலைத் தருவார் உளரோ? பலரும் ஒரே கணக்கில் நுழைவராயின், தவறிழைத்தவர் யாரெனப் பின்னர் அறிதலும் அரிது. அக்கடவுச்சொல்லை மாற்றின் எல்லா அறிக்கைகளும் நின்றுவிடுமே என்றஞ்சி, அதனை மாற்றாமலே ஆண்டுகள் கழிப்பர்.

நெருக்கடியில் இவ்வளவும் ஆராய நேரமேது எனச் சிலர் வினவலாம். ஆராய்ச்சி நீண்டதன்று. அறிக்கை இயங்கும் அதே கணிப்பொறியிலிருந்து, அதே கணக்கைக்கொண்டு, வேறொரு கருவியால் இணைந்து பார்க்க. இணைப்பே கிட்டாவிடின் ஸர்வரின் பெயரையும், வழக்கமான 1433 என்னும் வாயிலெண் திறந்துளதா என்பதையும் நோக்குக. மறுப்பு வரின் குறிப்பேட்டைப் படிக்க. இணைப்புக் கிட்டியும் அறிக்கை மட்டும் வாராதாயின், குறை அறிக்கையினுள்ளே உளது. கிரிஸ்டல் அறிக்கைக் கோப்பு கடவுச்சொல்லைத் தன்னுள் வைத்திராது. ஆதலின் இடம் மாற்றுங்கால் தலைமை அறிக்கைக்கேயன்றி, அதனுள் அமைந்த உட்பிரிவு அறிக்கைகளுக்கும் உள்நுழைவைத் தருதல் வேண்டும்.

நம் மாணாக்கருள் பலர் நாளை அலுவலகங்களில் இத்தகைய பொறுப்பேற்பர். பிறருடைய மதிப்பெண்ணும் ஊதியமும் அவர்கள் காவலில் இருக்கும். படிப்பதற்கு மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கொன்றை அறிக்கைக்கென அமைத்து, மறுப்பு நேரின் காரணத்தைக் கண்டு களைவதே அவர்க்குக் கடனாம். பூட்டு திறவாதபோது வீட்டுத் தலைவன் சாவியைத் தெருவில் வைத்தல் அறிவுடையார் செயலன்று.