குட்டி வீசும் ஆடுகள்



சினை ஆடு குட்டி வீசினால் எங்கள் பக்கம் 'கண் பட்டுவிட்டது' என்பார்கள். செத்த குட்டியையும் நச்சுக்கொடியையும் வெறுங்கையால் அள்ளிக் குப்பைமேட்டில் எறிவார்கள். பெரும்பாலும் இந்த வேலை வீட்டுப் பெண்களுக்குத்தான்.

குட்டி வீசுவதற்கு டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் ஒரு காரணம். பூனையின் மலத்தில் வெளியேறும் இதன் முட்டைகள் ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் தாங்கும். பூனையின் மலம் கலந்த தீவனத்தோடு ஆட்டின் வயிற்றுக்குள் போகும். செத்த குட்டியையும் நச்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடுவோருக்கும் இது பரவலாம்; கர்ப்பிணிக்கு முதன்முறையாகத் தொற்றினால் சிசுவின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். ஆட்டுப் பிரசவத்துக்குக் கர்ப்பிணிகளை அனுப்பவே கூடாது. அரைவேக்காட்டுக் கறியும் ஆபத்துதான்.

நியூசிலாந்தில் செம்மறிகளுக்கு இதற்கெனத் தடுப்பூசியே உண்டு. இங்கே குட்டி வீசிய ஆடுகளின் ரத்தத்தையாவது கால்நடை மருந்தகங்களில் எடுத்துப் பரிசோதிக்கக் கால்நடைத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஆடு வளர்க்கும் வாசகி, மணப்பாறை