எர்த் பின்னை ஒடிக்காதீங்க மக்கா!

ரெண்டு வாரமா ஆணி கம்மி. அதனால பேஸ் கிடாரும் கையுமா உக்காந்ததுல வந்த வினைதான் இந்தப் பதிவு. பேஸ் வாசிக்கத் தெரியாதவங்களும் படிக்கலாம், உயிர் சம்பந்தப்பட்ட மேட்டர்.

வீட்டில் ரெக்கார்ட் பண்ற எல்லாருக்கும் இருக்கிற ஒரே புலம்பல், பாட்டுக்குப் பின்னாடி ஓடுற அந்த 'ம்ம்ம்ம்'. அதுக்கு நம்ம ஆளுங்க அள்ளி வழங்குற இலவச ஆலோசனை: "பாஸ், மூணு பின் பிளக்குல பெரிய பின்னை ஒடிச்சிடுங்க, இரைச்சல் போயிடும்." போயிடும்தான். சில சமயம் ஆளும் சேர்ந்து போயிடுவார்.

மிகைப்படுத்தலைங்க. ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி 1972-ல் ஸ்வான்சி மேடையில், சரியாக எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் 1976-ல் தன் வீட்டிலேயே, எர்த் சரியில்லாத எலக்ட்ரிக் கிடாரை வாசிக்கும்போது போனார். வீட்டில்! நாம வாசிக்கிற அதே இடத்தில்.

காரணம் எளிது. கிடார் கம்பிகள் பிரிட்ஜ் வழியா எர்த்தோட சேர்ந்திருக்கு. கம்பியைத் தொட்டா இரைச்சல் குறையுதே, அது இதனால்தான். எர்த்தை வெட்டிட்டு, ஆம்ப்புக்குள்ள கரண்ட் கசிஞ்சா மண்ணுக்குப் போக அதுக்கு ஒரே வழி நீங்கதான்.

இப்ப என் கதை. வீடு கடம்பத்தூரில், ஸ்டேஷனுக்குப் பக்கம். நான் முதலில் பழி போட்டது 25,000 வோல்ட் ரயில் கம்பி மேல. அடுத்து பக்கத்து வெல்டிங் பட்டறை மேல. ஆனா ரயிலும் பட்டறையும் ஓடாத ராத்திரி 2 மணிக்கும் அதே ம்ம்ம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், பாதி போச்சு. திரும்ப மாட்டிட்டு இன்டர்ஃபேஸின் இரும்பு உடம்பைத் தொட்டா சுர்ருங்குது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சுவிட்ச் போர்டைக் கழட்டினா, எர்த் ஓட்டையில் ஒயரே இல்லை. சும்மா அழகுக்கு வச்ச ஓட்டை!

அவர் சொன்ன வைத்தியம்: "நியூட்ரல்லேர்ந்து ஒரு துண்டு ஒயர் குடுத்துடலாம் சார், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." நியூட்ரல் எங்கயாவது அறுந்தா, கிடார் கம்பியில் 230 வோல்ட் நிக்கும். வேணாம்னேன். கொல்லையில் குழி வெட்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, புது ஒயர் இழுத்தோம். 30 மில்லி ஆம்பியர்ல ட்ரிப் ஆகுற இஎல்சிபி ஒண்ணும் மாட்டியாச்சு. மொத்தச் செலவு, நான் வாங்க நினைச்ச ப்ளகின் விலையைவிடக் கம்மி.

அடுத்து அந்த ப்ளகின் கோஷ்டி. "எதுக்கு குழி வெட்டணும், 50 ஹெர்ட்ஸை சாஃப்ட்வேர்ல வெட்டு" என்பார்கள். நானும் சாஃப்ட்வேர்க்காரன்தான், அதனால சொல்றேன்: வேலைக்காகாது. பேஸின் ஈ கம்பியில் மூணாவது ஃப்ரெட், அதாவது ஜி சுரம், 49 ஹெர்ட்ஸ். நம்ம ஊர் கரண்ட் 50. இரைச்சலை வெட்டினா சுரத்தின் அடிவயிறும் சேர்ந்து போகும். விட்டு வச்சா ரெண்டும் மோதி, விநாடிக்கு ஒரு தடவை அலை அடிக்கும். நாய்ஸ் கேட் போட்டா? வாசிக்காதப்ப அமைதி, வாசிச்சதும் இரைச்சலும் கூடவே உள்ள வரும். குப்பையைப் பாயைப் போட்டு மூடுற கதை.

சரி, எர்த் ஒழுங்கா இருந்தும் இரைச்சல் வந்தா? லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஆம்ப் எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுங்க. டிஐ பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்க. அது சிக்னல் ஒயரின் கிரவுண்டை மட்டும்தான் பிரிக்கும், கரண்ட் எர்த்தைத் தொடாது. ரெண்டும் ஒண்ணுன்னு குழப்பிக்கிறதுலதான் பின் ஒடியுது. ஜாஸ் பேஸ் வச்சிருந்தா ரெண்டு பிக்கப் வால்யூமையும் சமமா வைங்க, இரைச்சல் ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கும். பிரிசிஷன் பேஸில் 1957-லேர்ந்தே அந்த வசதி பிக்கப்புக்குள்ளயே இருக்கு. வாசிக்காத கம்பிகளைக் கையால அமுக்கிப் பழகுங்க.

டெட்ராய்டில் மோடவுன் கம்பெனி 1959-ல் ஒரு சாதாரண வீட்டில்தான் ஸ்டுடியோ போட்டது. ஜேம்ஸ் ஜேமர்சன் அங்கே மைக் இல்லாம நேரா மிக்சருக்கு ஒயரைக் குடுத்து வாசிச்ச பேஸைத்தான் உலகம் இன்னிக்கும் காப்பியடிக்குது. வீடுங்கிறது சாக்கு இல்லை மக்கா.

பேஸ் வச்சிருக்கிற எல்லாரும் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பெரிய ஓட்டையில் ஒயர் இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. இருந்தா சந்தோஷம். இல்லேன்னா குழி வெட்டுங்க, மண்ணுக்குள்ள கரியும் உப்பும் போட.

பி.கு: வெயில் காலத்தில் எர்த் குழிக்குத் தண்ணி ஊத்த மறக்காதீங்க. மண் காய்ஞ்சா எர்த்தும் காலி.